அயர்ந்தவள் பக்கம் நின்ற அன்னை

அனுமன் நதி சிற்றாற்றோடு கலக்கும் வீரகேரளம்புதூரிலிருந்து, தை மாதத்து விடியற்காலையில் அந்தக் குடும்பம் காரில் புறப்பட்டது. நவநீதகிருஷ்ணன் சந்நிதி இருக்கும் திசை நோக்கிப் பாட்டி கைகூப்பினார். மகன் வண்டியை ஓட்ட, ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகள் பின்னிருக்கையில் இரண்டு வயதுப் பேத்தியோடு அமர்ந்திருந்தாள். சென்று சேர வேண்டிய இடம், தஞ்சை மாவட்டம் பாபநாசத்தை அடுத்த திருக்கருகாவூர். ஏறக்குறைய 400 கிலோமீட்டர்.

முதற்பிரசவம் மிகவும் சிரமப்படுத்தியிருந்தது. ஆகவே, இரண்டாவது கரு தங்கியதும் கர்ப்பரட்சாம்பிகையைத் தரிசிப்பதாகப் பாட்டி வேண்டிக்கொண்டிருந்தார். ஐந்தாம் மாதம் என்பதால் மருத்துவர் தடை சொல்லவில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சற்று நடக்க வேண்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இருக்கைப் பட்டையை வயிற்றின்மேல் போடாமல் அதற்குக் கீழே இடுப்போடு போட வேண்டும் என்று எச்சரித்திருந்தார்.

தாத்தாவின் கையில் வேறொரு பட்டியல் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள், மதுரை மீனாட்சி, திருச்சி தாயுமானவர், தஞ்சைப் பெருவுடையார், இரவுக்குள் கருகாவூர். நடை திறக்கும் நேரமும் சாத்தும் நேரமும் அதில் இருந்தன. இறங்கி நடப்பதற்கு மட்டும் நேரம் இல்லை.

ஆண்டாளைத் தரிசித்துத் திரும்பும்போதே வெயில் ஏறிவிட்டது. நண்பகலில் நடை சாத்துமுன் மதுரையை எட்ட வேண்டுமென்று தாத்தா அவசரப்படுத்தினார். குழந்தை சிணுங்கியது. மடியில் படுக்க இடம் தேடி, தாயின் வயிற்றைக் காலால் உதைத்தது. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை.

பேத்தியின் அழுகையை நிறுத்தத் தாத்தா கருகாவூர்க் கதையைத் தொடங்கினார். நித்துருவரின் மனைவி வேதிகை கருவுற்றிருந்தாள். கணவர் வெளியே சென்றிருந்த நேரத்தில் ஊர்த்துவபாத முனிவர் வந்து பிச்சை கேட்டார். களைத்துப் படுத்திருந்த அவளால் எழுந்து உபசரிக்க இயலவில்லை. முனிவர் சபித்தார், கரு கலைந்தது. அவள் அம்பாளைக் கதறி அழைக்க, அன்னை அக்கருவை ஒரு குடத்துள் வைத்துக் காத்துக் குழந்தையாக அளித்தாள்.

“அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை...” என்று சொன்னபடி தாத்தா பின்னால் திரும்பினார். மருமகளின் கால்கள் வீங்கியிருந்தன. செருப்பின் வார் பதிந்த தடம் பாதத்தில் சிவந்து கிடந்தது.

“மாமா, எனக்கு ஒன்றுமில்லை. மதுரைக்கே போகலாம்” என்றாள் அவள்.

தாத்தாவால் கதையைத் தொடர முடியவில்லை. அம்பாள் முனிவரின் கோபத்துக்குத் துணை நிற்கவில்லை. அயர்ந்து கிடந்தவளின் பக்கமே நின்றாள். இத்தனை காலம் சொல்லிவந்த கதையில், தாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பது அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

“வண்டியை நிழலில் நிறுத்தப்பா” என்றார் மகனிடம். பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். மீனாட்சியை மனத்தால் வணங்கினார்கள். அதன்பின் நின்று நின்றுதான் பயணம். அன்றிரவு திருச்சியில் தங்கினார்கள். மலைக்கோட்டைப் படிகளை யாரும் ஏறவில்லை, கீழிருந்தே கைகூப்பினார்கள். காவிரி வெள்ளத்தால் தாய் வர இயலாமற்போன ரத்னாவதிக்குத் தாமே தாயாக வந்து பிரசவம் பார்த்த பெருமான், படியேற இயலாதவளைக் குறை சொல்வாரா என்றார் பாட்டி.

மறுநாள் காலை கருகாவூரை அடைந்தபோது குழந்தை உறங்கிவிட்டது. அதை எழுப்ப வேண்டாமென்று, தோளில் சாய்த்துக்கொண்டு தாத்தா வெளி மண்டபத்திலேயே அமர்ந்துவிட்டார். மற்றவர்கள் முல்லைவன நாதரையும் அம்பாளையும் நிதானமாகத் தரிசித்து, பிரசவ வலி எடுக்கும்போது வயிற்றில் தடவிக்கொள்ளும் விளக்கெண்ணெய்ப் பிரசாதத்தோடு வந்தார்கள். தாத்தா உள்ளே போகவில்லையே என்று பாட்டி வருந்தினார். “எனக்கு நேற்றே தரிசனம் ஆகிவிட்டது” என்றார் அவர்.

கர்ப்பிணியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு தலயாத்திரை புறப்படும் பெரியவர்கள், எத்தனை கோயில் என்று எண்ணுவதைவிட எத்தனை முறை ஓய்வு என்று எண்ணுவதே நலம்.

வைகாசியில் சுகப்பிரசவமாக இன்னொரு பேத்தி பிறந்தாள். தங்கத் தொட்டில் பிரார்த்தனை பாக்கி இருக்கிறது. எப்போது புறப்படுவது, வழியில் எங்கெங்கே நிற்பது என்பதையெல்லாம் தாத்தா மருமகளிடமே விட்டுவிட்டார்.