ஆடுபுலி ஆட்டமும் ஒரு பூட்டும்

நம் சமஸ்தானத்து அம்மன் காசைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் ஊரில் இன்னும் சிலர் உண்டு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. அந்த முத்திரை இருந்தால்தான் காசு. இல்லாவிட்டால் வெறும் செம்புத் துண்டு. கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் கருவியிலும் இதே கதைதான் என்று என் மகள் வயிற்றுப் பேரன் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 1989-இல் 'கேம் பாய்' என்ற கருவியை வெளியிட்டது. ஒவ்வொரு விளையாட்டும் ஒரு சின்ன கேட்ரிட்ஜில் வரும். செருகி ஸ்விட்சைப் போட்டால் கம்பெனியின் சின்னம் திரையில் மேலிருந்து இறங்கும். அது அலங்காரத்துக்கு இல்லையாம். கேட்ரிட்ஜில் உள்ள சின்னத்தைக் கருவி தன்னிடம் உள்ளதோடு 48 பைட்டும் ஒத்துப் பார்க்கிறது. ஒன்று பிசகினாலும் நின்றுவிடும். சரி, சின்னத்தை அப்படியே காப்பியடித்தால்? 'என் வியாபாரச் சின்னத்தை எடுத்தாய்' என்று வழக்குப் போடலாம்! கோர்ட்டில் எழுத்தராகச் சேர்ந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்ற எனக்கு இந்தச் சாமர்த்தியம் ரசிக்கத்தான் தோன்றியது. ஆனால் இதே போன்ற உத்தியை 'சேகா' கம்பெனி கையாண்டபோது, சின்னத்தையே சாவியாக்கியது கம்பெனிதான், குழப்பத்துக்கு முக்கியப் பொறுப்பும் அதற்கே என்று 1992-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கம்பெனி அனுமதி இல்லாமல் ஆர்வலர்கள் தாமே எழுதும் விளையாட்டுக்கு 'ஹோம்ப்ரூ' என்று பெயர். வீட்டில் காய்ச்சியது என்று அர்த்தம்; கள்ளச்சாராயம் என்று எண்ண வேண்டாம்! என் பேரன் எழுதியது ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு. கோயில் மண்டபத் தரையில் கீறியிருக்கும் கட்டத்தில் அவன் ஆச்சி சொல்லிக்கொடுத்தது. அழித்து எழுதக்கூடிய கேட்ரிட்ஜ் ஒன்றில் அதை ஏற்றி, மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த பழைய கேம் பாயில் ஓடவிட்டான்.

அதே கேட்ரிட்ஜில் கடை விளையாட்டுகளையும் திருட்டுத்தனமாக ஏற்றலாம். பக்கத்து வீட்டுப் பையன்கள் "அண்ணே, எங்களுக்கும் ஏத்திக் குடுங்க" என்று வந்துவிட்டார்கள். என் மகளுக்குப் பயம். "அப்பா, இது போலீஸ் கேஸ் ஆயிடாதே?"

சட்டப் புத்தகத்தை எடுத்தேன். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65-ஏ பிரிவு, பாதுகாப்புப் பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. ஆனால் 'உரிமையை மீறும் எண்ணத்தோடு' உடைத்தால் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. நிண்டெண்டோ டி.எஸ். கருவிக்கு இப்படிப்பட்ட கார்டு விற்றவர்கள் மீது இங்கிலாந்தில் நடந்த வழக்கில், சொந்த விளையாட்டுக்கும் அது பயன்படும் என்ற வாதம் 2010-இல் எடுபடவில்லை.

பேரனிடம் சொன்னேன்: "நீ எழுதினதை யாருக்கு வேணுமானாலும் கொடு. அடுத்தவன் உழைப்பை ஏத்தாதே. உன் ஆடுபுலியை ஒருத்தன் அவன் பேர்ல வித்தா உனக்கு எப்படி இருக்கும்?" முகம் வாடியது, பையன்கள் முன்னால் பெரிய ஆளாக இருக்க ஆசை, பாவம். ஆனாலும் ஒப்புக்கொண்டான். பையன்கள் இப்போது எங்கள் திண்ணையில் ஆடு வெட்டுகிறார்கள்.

ஆடு, புலி எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர்க் கணக்கு என்ன? எழுதுங்கள், பேரனிடம் சொல்கிறேன்.