தாழ்வாரத்தைப் பெயர் சொல்லி அழைத்தவர்

இரவு 11.42க்குச் சான்றிதழ் வந்தது. 11.44க்கு முதல் ஆள் வந்துவிட்டார்.

ஆள் என்றால் மனிதர் இல்லை. அம்பத்தூரில் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஓடும் சின்னக் கம்ப்யூட்டரின் பதிவுக் கோப்பில் விழுந்த ஒரு வரி. கடவுச்சொற்களை எழுதிவைக்கும் ‘டாட் என்வி’ என்ற கோப்பை யாரோ கேட்டிருந்தார்கள். அடுத்த வரியில் வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கத்தைக் கேட்டிருந்தார்கள். எங்களிடம் வேர்ட்பிரஸ்ஸே கிடையாது. பால் காய்ச்சி முடிப்பதற்குள் கொசுவலை விற்பவர் வந்து நிற்பது போல இருந்தது.

கதை அப்பாவின் படங்களில் தொடங்கியது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை எங்கள் தெருவுக்குள் வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் நனைந்தன. ஒவ்வொரு படமாக உரித்து, விசிறிக்குக் கீழே உலர்த்தி, ஸ்கேன் செய்தேன். அவற்றைக் குடும்பத்தில் எல்லோரும் பார்க்க வேண்டும். ஆனால் எந்த நிறுவனத்தின் கிடங்கிலும் போட மனமில்லை. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள், என்டிடியும் டிஜிட்டல் கனெக்‌ஷனும் பெரிய பெரிய டேட்டா சென்டர் கட்டியிருக்கின்றன. சைக்கிளும் பிஸ்கட்டும் செய்த ஊர் இப்போது மற்றவர்களின் கோப்புகளைக் காக்கிறது. எனக்கு ரிச்சி தெருவில் வாங்கிய, ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட மினி பிசி போதும் என்று நினைத்தேன். அதில் லினக்ஸ், மென்பொருள்களைத் தனித்தனி அறையில் ஓட்ட டாக்கர், படங்களுக்கு இம்மிச். வாசலில் நின்று வருபவரை உள்ளே அனுப்பும் வேலைக்குக் கேடி என்ற மென்பொருள். பெயர்தான் அப்படி, குணத்தில் நல்ல பிள்ளை, சான்றிதழைக்கூடத் தானே வாங்கிக்கொள்ளும்.

முதல் நான்கு நாள் வெளியிலிருந்து யாராலும் வர முடியவில்லை. ரவுட்டரில் போர்ட் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். ரவுட்டருக்கு வெளியே கிடைத்திருந்த எண்ணைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள், இணைய நிறுவனங்கள் தங்கள் வலைக்குள்ளேயே புழங்கிக்கொள்ள 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டவை. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான பழைய பாணி எண்களின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டதால், ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் பல வீடுகளைக் குடிவைக்கிறார்கள். ஒண்டுக்குடித்தனம்தான். வாசல் ஒன்று, பெயர் கேட்டு வரும் தபால்காரருக்கு எந்தக் கதவென்று தெரியாது. மாதம் கொஞ்சம் கூடக் கட்டி எங்களுக்கென்று ஒரு நிலையான எண் வாங்கினேன். அப்போதும் சரிவராததால், எரிச்சலில் ரவுட்டரில் டிஎம்இசட் என்ற வசதியையும் போட்டுவிட்டேன். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

இனி அந்த 11.44.

எண்ணைத் தேடி வருபவர்களைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். 2013இல் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஸீமேப் என்ற கருவி, ஒரே கம்ப்யூட்டரிலிருந்து உலகத்தின் நானூறு கோடிக்குக் கொஞ்சம் குறைவான எண்களையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும் என்று காட்டினார்கள். தெருவில் எல்லாக் கதவையும் தட்டுபவர் நம் கதவையும் தட்டுவார். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் இவர் எண்ணைத் தட்டவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்.

அந்தத் தளத்துக்கு நான் வைத்த பெயர் தாழ்வாரம். பாட்டி வீட்டில் படங்கள் மாட்டியிருந்த இடம் அது. தாழ்வாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் நம் ஆட்கள் நாலு விதமாக எழுதுவார்கள். ழகரத்துக்கே இரண்டு கட்சி உண்டு. நான் அவசரத்தில் எழுதியது ஐந்தாவது விதம், ஒரு எழுத்து குறைவு. வந்தவர் அந்தப் பிழையோடு, எழுத்து மாறாமல் கூப்பிட்டிருந்தார். ஊகித்து வந்தவராக இருக்க முடியாது. எங்கேயோ எழுதிவைத்திருப்பதைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

யார் சொன்னது? குடும்பத்தில் யாருக்கும் அப்போது முகவரியே அனுப்பியிருக்கவில்லை. இணைய இணைப்பு கொடுத்தவர்கள் மேல் இரண்டு நாள் சந்தேகப்பட்டேன். பெயரைப் பதிந்த இடத்தின் மேல் ஒரு நாள். சந்தேகத்துக்கு முடிவேயில்லை என்பதால் ஒரு சோதனை வைத்தேன். இன்னும் இரண்டு பெயர்கள், இரண்டுமே வாயில் நுழையாத எழுத்துக்கூட்டம். ஒன்றுக்குச் சான்றிதழ் வாங்கவில்லை. இன்னொன்றுக்கு வாங்கினேன். வாங்காத பெயரைச் சொல்லி ஒரு வாரம் ஒருவரும் வரவில்லை. வாங்கியதற்கு, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் வந்துவிட்டார்கள்.

ஆக, காட்டிக்கொடுத்தது பூட்டு. முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் வர வேண்டும் என்று லெட்ஸ் என்க்ரிப்ட்டிடம் இலவசமாக வாங்கிய சான்றிதழ். அதைப் பிரித்துப் படித்தேன். என் தளத்தின் பெயர், செல்லுபடியாகும் 90 நாள், அதன் கீழே இரண்டு ரசீதுகள். ஒவ்வொரு ரசீதும் ஒரு பொதுப் பதிவேட்டின் கையெழுத்து: இந்தச் சான்றிதழ் எங்கள் ஏட்டில் ஏறியது, இன்ன நேரம். அந்த ஏடுகளைத் தேடித்தரும் சிஆர்டி.எஸ்ஹெச் என்ற தளத்துக்குப் போய் என் பெயரைத் தட்டினேன். எழுத்துப்பிழையோடு பல்லைக் காட்டியது தாழ்வாரம்.

நான் வாங்கியதை எதற்காக ஊருக்கெல்லாம் எழுதிவைக்கிறார்கள்? அந்தக் கேள்வி என்னை நெதர்லாந்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

அங்கே டிஜிநோட்டார் என்று ஒரு நிறுவனம். சான்றிதழ் கொடுப்பதுதான் தொழில். டச்சு அரசாங்கமே வாடிக்கையாளர். 2011 கோடையில் ஒருவர் உள்ளே புகுந்து, தானே சான்றிதழ் அச்சடித்துக்கொண்டார். ஜூலை 10ஆம் தேதி கூகுளின் எல்லாப் பெயர்களுக்கும் செல்லும் ஒன்று அச்சானது. அதைக் காட்டி ஈரானில் மூன்று லட்சம் பேர் அளவுக்கு ஜிமெயில் போக்குவரத்தை நடுவில் உட்கார்ந்து பார்த்தார்கள். உலகில் எந்த அலுவலகமும் கண்டுபிடிக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஈரானில் ஒருவர், தன் குரோம் உலாவி எச்சரிக்கிறதே, ஏன் என்று கூகுளைக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. ஃபாக்ஸ் ஐடி என்ற நிறுவனம் போய்ப் பார்த்துவிட்டு எழுதியது படிக்கத் தகுந்தது: 500க்கு மேல் போலிச் சான்றிதழ்கள், சர்வர்களில் வைரஸ் தடுப்பு இல்லை, புதுப்பிக்காத மென்பொருள், சுலபமாக உடையும் கடவுச்சொல். செப்டம்பரில் டிஜிநோட்டார் திவாலானது.

இது வெளிநாட்டுக் கதை என்று ஏட்டை மூடப் போனேன். அடுத்த பக்கத்தில் நம் டெல்லி.

2014 ஜூலை 2ஆம் தேதி, கூகுள் பெயர்களுக்குத் தாங்கள் கேட்காத சான்றிதழ்கள் உலவுவதைக் கூகுள் கண்டது. கொடுத்தது நமது தேசியத் தகவலியல் மையம், அதாவது என்ஐசி. அதற்கு மேலே முத்திரை வைப்பவர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வரும் சான்றளிப்பு ஆணையங்களின் கட்டுப்பாட்டாளர். விண்டோஸ் அந்த முத்திரையை நம்பியதால் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஏமாறக்கூடிய நிலை. தனக்கென்று பட்டியல் வைத்திருந்த பயர்பாக்ஸ் தப்பியது. கட்டுப்பாட்டாளர் மறுநாளே என்ஐசியின் சான்றிதழ்களை ரத்து செய்தார். சான்றிதழ் வழங்கும் முறைக்குள்ளேயே ஊடுருவல் நடந்திருக்கிறது, தவறாகப் போனவை நான்கு என்று சொன்னார். நான்குக்கு மேலும் பார்த்தோம் என்றது கூகுள். அதன்பின் இந்திய முத்திரையை அரசு, ரிசர்வ் வங்கி உட்பட ஏழு பெயர்களுக்கு மட்டுமே ஏற்பது என்று குரோம் சுருக்கிக்கொண்டது. இது நடந்தபோது நானும் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில்தான் இருந்தேன். நம் தினசரிகளில் படித்ததாக நினைவில்லை. ஏழு பெயருக்குச் சுருங்கியது ஒரு நாட்டின் முத்திரை. அதைவிடச் சின்ன விஷயங்களுக்கு நாம் தலையங்கம் எழுதியிருக்கிறோம்.

டிஜிநோட்டாருக்குப் பிறகு கூகுளில் பென் லாரி, ஆடம் லாங்லி, எமிலியா காஸ்பர் மூவரும் எழுதியதுதான் அந்தப் பதிவேட்டுத் திட்டம். 2013 ஜூனில் ஆவணமாக வெளிவந்தது. யாரும் எதையும் நம்ப வேண்டாம், கொடுக்கும் சான்றிதழை எல்லாம் எல்லோரும் பார்க்கும் ஏட்டில் எழுது என்பதே அதன் சாரம். எழுதியதை அழிக்க முடியாது. மண்டிக் கணக்கில் ஒவ்வொரு பக்கத்திலும் முன்பக்க இருப்பை ஏற்றி எழுதுவார்களே, இடையில் ஒரு வரியைத் திருத்தினால் அதன்பின் எல்லாக் கூட்டலும் இடிக்கும். அதைப்போல. (உள்ளே இருப்பது மரவடிவக் கணக்கு, மண்டிக்காரர் மன்னிக்க.) 2018 ஏப்ரல் 30க்குப் பிறகு கொடுத்த எந்தச் சான்றிதழுக்கும் ஏட்டின் ரசீது இல்லாவிட்டால் குரோம் ஏற்காது. என் தாழ்வாரம் ஏட்டில் ஏறிய காரணம் அதுதான்.

நம் பக்கம் மனை வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பூந்தமல்லியிலோ ஆவடியிலோ அரை கிரவுண்டு வாங்கப் போனால் முதலில் ‘ஈசி போட்டுப் பார்த்தியா?’ என்பார்கள். வில்லங்கச் சான்று யார் வேண்டுமானாலும் போடலாம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, அசையாச் சொத்துகள் ஏறும் 1ஆம் புத்தகத்தை எவரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம் என்கிறது. ஏடு திறந்திருப்பதால்தான் டபுள் டாக்குமென்ட் பேர்வழி மாட்டுகிறான். அதே ஏட்டைப் பார்த்துத்தான் தரகரும் நம் வீட்டைத் தெரிந்துகொள்கிறார். கள்ளனைப் பிடிக்க வைத்த விளக்கில் எங்கள் திண்ணையும் தெரிகிறது. விளக்கை அணைக்கச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது, மனமும் இல்லை.

ம்யூனிக் முதலிய இடங்களின் ஆய்வாளர்கள் 2018இல் இதையே அளந்திருக்கிறார்கள். யாருக்கும் சொல்லாத பெயர்களை ஏட்டில் மட்டும் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். சில நிமிடங்களில் விசாரிப்பு வந்தது. என் ஒரு வாரத் துப்பறிதலை முன்பே செய்து முடித்துவிட்டார்கள்.

ஏட்டில் பெயர் ஏறாமலிருக்க வழி உண்டு. 2018 மார்ச்சிலிருந்து லெட்ஸ் என்க்ரிப்ட் பொதுச் சான்றிதழும் தருகிறது. மனை எண்ணைச் சொல்லாமல் ‘இந்த நகரிலுள்ள எல்லா வீடும்’ என்று எழுதுவது போல, முன்பெயருக்குப் பதில் ஒரு நட்சத்திரக்குறி. அதை வாங்கிப் புதுப் பெயர் வைத்தேன். பெயர் சொல்லி வருபவர்கள் நின்றார்கள். நிம்மதியாகி, ஆவடி அத்தை வீட்டுக்குப் போனேன்.

“உங்கப்பா போட்டோவப் பாக்கறதுக்கு எனக்கே பாஸ்வேர்டாடா?” என்றார் அத்தை.

“உங்களுக்கு இல்ல அத்தை, உங்க பேரச் சொல்லிக்கிட்டு வர்றவனுக்கு.”

அவர் காபி போட உள்ளே போனபோது, லேப்டாப்பை மொபைல் டேட்டாவில் இணைத்து, வெளி ஆள் போல என் வீட்டு எண்ணை என்மேப் கருவியால் தட்டிப் பார்த்தேன். 80, 443 திறந்திருந்தன, அது தெரிந்ததே. மூன்றாவது வரியில் 5432. தகவல்தளத்தின் கதவு.

கை சில்லிட்டுவிட்டது. லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ என்ற காவல் போட்டு, எதையெல்லாம் தடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஆனால் டாக்கர் ஒரு போர்ட்டை வெளியிட்டால், யூஎஃப்டபிள்யூவின் விதிகளுக்கு வழியே தராமல் தன் விதிகளை நேரே கெர்னலில் எழுதிவிடும். என்றோ ஒரு நாள் லேப்டாப்பிலிருந்து எட்டிப் பார்க்க நானே 5432ஐ வெளியிட்டுவிட்டு மறந்திருந்தேன். எரிச்சலில் போட்ட டிஎம்இசட், வருகிற எல்லாவற்றையும் பெட்டிக்கே தள்ளியது. முன்வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றி மறைத்த நான், கொல்லைப்புறத்தை ஒன்பது நாள் திறந்துபோட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பதிவைப் பார்த்தால், தவறான கடவுச்சொல், தவறான கடவுச்சொல் என்று பக்கம் பக்கமாக. முதல் நாளே கடவுச்சொல்லை நீளமாக மாற்றிவைத்திருந்ததால் எதுவும் போகவில்லை. ஆனாலும் பெட்டியைத் துடைத்து முதலிலிருந்து போட்டேன். படங்களின் இன்னொரு பிரதி தனி டிஸ்க்கில் பீரோவின் மேல்தட்டில் இருந்தது. மேல்தட்டு, மழை கற்றுத்தந்தது.

டிஎம்இசட் போயிற்று. உள்ளே பேசும் போர்ட்டுகளை எல்லாம் பெட்டிக்குள்ளேயே, 127.0.0.1இல் கட்டிவிட்டேன். தூரத்திலிருந்து பெட்டிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச்சுக்குக் கடவுச்சொல்லை நிறுத்திச் சாவிக்கோப்பு மட்டும். படங்கள் இப்போது வயர்கார்டு என்ற விபிஎன்னுக்குப் பின்னால். 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்த வயர்கார்டுக்கு ஒரு நல்ல பழக்கம்: சாவி இல்லாதவர் தட்டினால் ‘யாரு?’ என்றுகூடக் கேட்காது. அத்தையின் போனில் அதை ஏற்றிக் கொடுத்தாகிவிட்டது. ஒரு பொத்தானைத் தள்ளிவிட்டு, அண்ணன் படத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

வீட்டில் இப்படி ஒரு பெட்டி ஓடவிட்டிருப்பவர்கள் இன்றிரவே உங்கள் தளப்பெயரைச் சிஆர்டி.எஸ்ஹெச்சில் தேடிப் பாருங்கள்; அங்கிருக்கும் எதையும் அழிக்க முடியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது முடிந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவிலிருந்து உங்கள் கதவையே ஒருமுறை தட்டுங்கள்.