யன்னலைத் திறந்து வையுங்கள்

ரிவர்ஸ்டன் காற்றைப் பற்றிச் சொன்னால் வன்னிச் சகோதரிகள் நம்பமாட்டார்கள். கூரைத் தகரத்தையே தூக்கிக்கொண்டு போகும் காற்று அது.

எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது, 1977 கலவரத்தோடு அப்பா எங்களை இரத்தோட்டைப் பக்கத் தோட்டத்திலிருந்து கிளிநொச்சிக்குக் கூட்டிச் சென்றார். 2009இல் கணவரை இழந்தேன். முகாமிலிருந்து வெளியே வந்தபோது எனக்கிருந்த போக்கிடம் இந்த மலையடியில் சித்தியின் லயத்துக் காம்பரா மட்டும்தான்.

வந்ததும் முதல் வேலையாக உரப்பையை மடித்து யன்னலில் ஆணி அடித்தேன். குளிர் என்று சித்தியிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று பதுங்குகுழிகளுக்குள் கிடந்தவள் நான். மூடிய இடம்தான் உயிர் காத்த இடம். திறந்த யன்னலருகே எனக்கு நித்திரை வராது.

வருடங்கள் அப்படியே போயின. சித்தியின் பேத்தி உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிறாள். ஒருநாள் தரையில் குந்தியிருந்து சீமெந்து வெடிப்பைத் தடவினாள்.

"பெரியம்மா, இந்த மாதிரி வெடிப்பு வழியா மண்ணுக்குள்ளேருந்து ஒரு வாயு வரும். ரேடன்னு பேரு. நிறமும் இல்ல, மணமும் இல்ல."

"செல்லுக்குத் தப்பி வந்த என்னை உன்ரை வாயுவா கொல்லப் போகுது?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உட்கார வைத்து விளக்கினாள்.

பாறையிலும் மண்ணிலும் சிறிதளவு யுரேனியம் உண்டு. அது சிதைந்து சிதைந்து ரேடன் வாயு உண்டாகிறது. வெளியே வந்தால் காற்றோடு கலந்து போய்விடும். மூடிய வீட்டுக்குள் புகுந்தால் தேங்கும். அடுப்புச் சூட்டில் உள்காற்று மேலெழுந்து கூரை இடுக்கால் வெளியேற, வீடு தரை வெடிப்புகளால் மண்காற்றை உறிஞ்சும். இருமலோ தலைவலியோ தராது. பல வருடங்கள் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

நம் நாட்டுப் பாறைக்கும் இது புதிதல்ல. தோரியமும் யுரேனியமும் கலந்த தோரியனைட் என்ற கனிமத்தை 1904இல் சப்பிரகமுவாவில் கண்டறிந்தவர் ஆனந்த குமாரசுவாமி. வீட்டுக்குள் இந்த வாயு எவ்வளவு சேரும் என்பது 1984இல் பரவலாகக் கவனத்துக்கு வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ராஸ் என்பவர் அணுமின் நிலையத்துக்கு வேலைக்கு வந்தபோது, உள்ளே போகும்போதே எச்சரிக்கை மணி அடித்தது. கதிர்வீச்சு அவர் வீட்டிலிருந்து வந்திருந்தது! குடும்பமே வெளியேறி, வீட்டைத் திருத்திய பின்பே திரும்பியது.

ஒரு வீட்டில் எவ்வளவு ரேடன் உண்டு என்பது அளந்தால்தான் தெரியும். சிறு கருவியைச் சில மாதங்கள் அறையில் வைத்து அளப்பார்கள். ஒரு கனமீற்றர் காற்றில் 100 பெக்கரலுக்கு மேற்படாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் கூறியது. கூடுதலாக இருந்தால் தரைக்கடியில் குழாய் இறக்கி, விசிறியால் வாயுவை வெளியே இழுத்து விடுவார்கள்.

எங்களிடம் கருவியும் இல்லை, விசிறிக்குப் பணமும் இல்லை. செய்யக்கூடியதைச் செய்தோம். தரை வெடிப்புகளையும் சுவரும் தரையும் சேரும் ஓரத்தையும் சீமெந்தால் பூசினோம். பிறகு பேத்தி உரப்பையைக் காட்டினாள். "இது, பெரியம்மா?"

ஆணியை நானே பிடுங்கினேன். காற்று முகத்தில் அடித்தது. நெஞ்சு படபடத்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று விறகடுப்புப் புகையும் அதே வழியால் போனது. சித்தியின் கண்ணெரிச்சல் குறைந்தது.

சகோதரிகளே, வீட்டுத்திட்ட வீடு கிடைத்தும் அறையைப் பூட்டிக்கொண்டே இருப்பவர்கள் நம்மில் பலர். ஏன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தரை வெடிப்பைப் பூசுங்கள். பகலில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள்.

இரவில் திறக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. விடிந்ததும் தேநீருக்கு முன்னால் யன்னலைத்தான் திறக்கிறேன்.