உயிருக்கு உயிர் – பாதி வசனமும் மீதி வசனமும்

ஏற்காட்டின் ஒண்டிக்கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஒரு மாலையில், நாளிதழில் வந்த கொலைச் செய்தியைப் படித்த நண்பர் ஒருவர் கொதித்துப் போய்க் கேட்டார்: "ஹஜ்ரத், உயிருக்கு உயிர் என்பதுதானே நம் மார்க்கம்? தூக்கில் போடத் தயங்கும் நாட்டில் கொலை எப்படிக் குறையும்?"

நம் இல்லங்கள் பலவற்றிலும் கேட்கும் கேள்விதான் இது. அதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மையே உண்டு.

ஒண்டிக்கடையிலிருந்து மலையிறங்கும் சாலை சேலம் அஸ்தம்பட்டியை அடைகின்றது. அங்குள்ள மத்திய சிறையில்தான் 1995 ஏப்ரல் 27 அன்று, ஆறு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட 'ஆட்டோ சங்கர்' தூக்கிலிடப்பட்டான். அதன்பின் தமிழகத்தில் எவரும் தூக்கிலேற்றப்படவில்லை. மரண தண்டனை மட்டும் சட்டத்தில் நிலைத்திருக்கின்றது. 'அரிதினும் அரிதான' வழக்குகளில் மட்டுமே அதனை விதிக்கலாம் என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் வரையறுத்தது.

அரிதினும் அரிது என்பதைத் தீர்மானிப்பவரும் மனிதரே. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகிய மூவரையும் 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கிலிட நாள் குறிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த புலனாய்வு அதிகாரி, ஓய்வு பெற்றபின் 2013இல் ஓர் உண்மையை வெளியிட்டார்: தாம் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதை அவர் எழுதாமல் விட்டிருந்தார்! கருணை மனுக்கள் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் கிடந்த காரணத்தால் 2014 பிப்ரவரி 18 அன்று மூவரின் தண்டனையும் ஆயுளாகக் குறைந்தது. 2022இல் விடுதலையும் கிடைத்தது. குறித்த நாளில் கயிறு இறுகியிருந்தால், அந்த அதிகாரியின் சொல் யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

நம் ஃபிக்ஹு நூல்கள் இதனை நன்கறிந்திருந்தன. ஐயம் தோன்றுமிடத்தில் தண்டனையைத் தவிர்க்க வேண்டும் என்பது இமாம்கள் வகுத்த விதி. கிஸாஸைக் கூறும் அல்பகரா அத்தியாயத்தின் 178ஆம் வசனம், அதே மூச்சில் மன்னிப்பையும் கூறுகின்றது. அங்கே கொலையுண்டவனின் வாரிசு, கொலையாளியின் 'சகோதரன்' என்றே குறிக்கப்படுகின்றான். இரத்தம் காயாத வேளையிலும் சகோதரத்துவம் முறியவில்லை என்று அச்சொல் உணர்த்தவில்லையா? வாரிசுகளுள் ஒருவர் மன்னித்தாலே கிஸாஸ் நீங்கிவிடும் என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் தீர்ப்பு.

அந்த வாசல் எவ்வளவு பெரியதென்று 2017இல் நாம் கண்டோம். குவைத்தில் மலப்புறத்துக்காரர் ஒருவரைக் கொன்றதற்காகத் தஞ்சை மாவட்டத்து இந்துத் தொழிலாளி ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அவர் மனைவி பாணக்காட்டுக்குச் சென்று முனவ்வர் அலி ஷிஹாப் தங்ஙளிடம் முறையிட்டார். முப்பது இலட்சம் ரூபாய் திரண்டது. கணவனை இழந்த அந்த முஸ்லிம் பெண்மணி மன்னிப்புப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். இரு விதவைகள் உருவாக வேண்டிய இடத்தில் ஒருவரோடு நின்றது.

செல்வன் பணத்தால் தப்பவும், ஏழை தூக்கில் தொங்கவும் இம்முறை இடந்தராதா என்று கேட்கலாம். நியாயமான அச்சமே. ஆனால் இன்றைய அரசின் சட்டத்திலோ வாரிசுக்கு மன்னிக்கும் உரிமையே இல்லை. குடியரசுத் தலைவரும் ஆளுநரும் மட்டுமே அதற்குரியவர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மனமிரங்கினாலும், அவள் இரக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஆகவே, கிஸாஸின் பெயரால் தூக்குக் கயிற்றைக் கேட்போர், அதன் சாட்சிய நிபந்தனைகளையும் வாரிசின் மன்னிப்பையும் சேர்த்தே கேட்கட்டும். அவை இரண்டும் இல்லாத நாட்டில் கயிற்றை மட்டும் கேட்பது, வசனத்தின் பாதியை ஓதி நிறுத்துவதாகும். கொலையாளியைச் சிறையில் வைத்துச் சமுதாயத்தைக் காக்கலாம். பிழையாகக் கொன்றவனை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர இயலாது.