பாதிப் பாப்பா பாட்டு

ஆவூரில் ஒரு வீட்டுத் திண்ணை. பெரியநாயகி மாதா கோயிலில் பாஸ்கா நாடகமும் தேரும் முடிந்து ஊர் கொஞ்சம் ஓய்ந்து கிடக்கிற நேரம். லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த நாலு வயசுப் பேத்தியின் கையில் செல்போன். அதில் ரெட்டைச் சடை போட்ட கார்ட்டூன் பாப்பா ஒன்று குதித்துக் குதித்து ஆடுகிறது. என்ன பாட்டு? வேறென்ன, பாரதியாரின் பாப்பா பாட்டுதான். குருவி வருகிறது, கோழி வருகிறது, காக்கா, பசு, வாலாட்டும் நாய், வண்டிக் குதிரை... கடைசியாக ஆடு வந்து தலையை ஆட்டியதும் பாட்டு முடிந்துவிட்டது. போன் தானாகவே அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டது.

பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அப்பாயி மட்டும் நிறுத்தவில்லை. கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த ராகத்திலேயே மேலே பாடிக்கொண்டு போகிறார். காலையில் படிப்பு, மாலையில் விளையாட்டு. பொய் சொல்லாதே, கோள் சொல்லாதே. அடுத்து, அக்கிரமம் செய்கிறவனைப் பார்த்தால் நடுங்காதே, அவன் மூஞ்சியிலேயே காறித் துப்பு என்கிற இடம் வந்தது.

பேத்தி போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"துப்பலாமா அப்பாயி? மிஸ் துப்பக் கூடாதுன்னு சொன்னாங்களே!"

உள்ளேயிருந்து மருமகள் குரல் வந்தது: "அத்தை, அதையெல்லாம் சொல்லிக் குடுக்காதீங்க. ஸ்கூல்ல போய் எவன் மூஞ்சியிலயாவது துப்பி வைக்கப் போறா!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தமிழ் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த பாட்டு இது. இதில் எத்தனை செய்யுள் இருக்கிறது என்று கேட்டால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்?

பதினாறு. பாரதி புதுச்சேரியில் இருந்தபோது, 1915-ல், சுப்பிரமணிய சிவா நடத்திய 'ஞானபாநு' பத்திரிகையில் வந்தது. பதினாறில் முதல் ஐந்தும் விளையாட்டு, பறவை, மிருகம். ஆறாவது, படிப்பும் பாட்டும் விளையாட்டுமான அன்றாட அட்டவணை. ஏழாவதிலிருந்து பாட்டு நிறம் மாறுகிறது. உண்மை பேசு, அநியாயத்தைக் கண்டு அஞ்சாதே, துன்பம் வந்தால் சோர்ந்துவிடாதே, சோம்பலை விடு. பிறகு தமிழ்நாடு, தமிழ், இமயம் முதல் குமரி வரையான தேசம். பதினைந்தாவதில் சாதி என்று ஒன்றே இல்லை, அதை வைத்து மேல் கீழ் பேசுவது பாவம், அறிவும் அன்பும் நீதியும் நிறைந்தவர்கள்தான் பெரியவர்கள் என்கிறார். பதினாறாவதில் எல்லா உயிரிடமும் அன்பாயிரு, வைரம்போல் உறுதியான நெஞ்சோடு வாழ் என்று முடிக்கிறார்.

மழலையர் வகுப்பிலும் ஆண்டுவிழா மேடையிலும் பெரும்பாலும் பாடப்படுவது முதல் சில செய்யுள்கள்தான். குருவி, கோழி, பசு, நாய். குழந்தைக்குக் கைவீசி ஆட வசதியாக இருக்கும். அதோடு கைதட்டல், சாக்லெட், முடிந்தது.

ஆனால் அந்தக் குருவியும் கோழியும் சும்மா வேடிக்கைக்காக வந்தவை அல்ல. கவனித்துப் படித்தால் தெரியும். திருட்டுக் காக்காவின் மேலும் இரக்கப்படு என்கிறார். உழைக்கிற குதிரையையும் மாட்டையும், மனிதனையே நம்பியிருக்கிற ஆட்டையும் வைத்துக் காப்பாற்று என்கிறார். முதலில் இரக்கம். இரக்கம் நெஞ்சில் ஊறிய பிறகுதான் கோபம். வரிசை அப்படி வைத்திருக்கிறார். இரக்கம் இல்லாமல் கோபம் மட்டும் வந்தால் அது ரவுடித்தனம். கோபம் இல்லாமல் இரக்கம் மட்டும் இருந்தால் அது உச்சுக் கொட்டுவதோடு நின்றுவிடும். பாப்பாவுக்கு இரண்டும் வேண்டும் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். முதல் பாதியை மட்டும் கொடுத்தால் கிடைப்பது உச்சுக் கொட்டுகிற குழந்தை.

எழுதியவரின் நிலைமையையும் பாருங்கள். பிரிட்டிஷ் அரசு பிடித்துவிடும் என்று 1908-ல் பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போனவர். பத்து வருஷம் அங்கேதான். தெருவில் ஒற்றர்கள், வீட்டில் வறுமை, கூடவே இரண்டு பெண் குழந்தைகள். பயப்படுவதற்கு அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அந்த வீட்டிலிருந்துதான் பயப்படாதே என்கிற பாட்டு வந்தது. சாதி இல்லை என்று எழுதியதும் ஏட்டளவில் நிற்கவில்லை. ரா. கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் புதுச்சேரியில் அவரே பூணூல் போட்டுவிட்டார். கனகலிங்கம் பின்னாளில் 'என் குருநாதர் பாரதியார்' என்ற புத்தகத்தில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

சரி, இந்தப் பாட்டை யார் வேண்டுமானாலும் பாடலாமா? இன்றைக்கு இது கேள்வியே இல்லை. செல்போனில் பாரதி பாட்டுக்கு எத்தனை ராகம், எத்தனை கார்ட்டூன் என்று எண்ணி முடியாது. ஒரு காலத்தில் அப்படி இல்லை. பாரதி 1921-ல் இறந்த பிறகு அவருடைய பாடல்களின் உரிமை கைமாறிக் கைமாறிப் போயிற்று. அச்சிடும் உரிமை ஒரு பக்கம், இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை இன்னொரு பக்கம். இரண்டாவது, காரைக்குடிக்காரரான ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947-ல் அவருடைய 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்தபோது ஊரே கொண்டாடியது. மறு வருஷம் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு வந்தபோது உரிமைத் தகராறு கிளம்பியது.

ஒரு கவிஞனின் பாட்டு தனி ஆளுக்குச் சொந்தமா என்று கேட்டுப் பலர் எழுதினார்கள், பேசினார்கள். கடைசியில் 1949-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த காலத்தில், சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. பிறகு அது பொதுச் சொத்தாகவே ஆகிவிட்டது. இந்தக் கதையை முழுசாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' படிக்கலாம். துப்பறியும் கதை மாதிரிப் போகும்.

அதனால்தான் 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தவர்கள் பாரதியின் பாடல்களைத் தாராளமாகச் சேர்க்க முடிந்தது. பாப்பா பாட்டும் ஜி. ராமநாதன் இசையில் அந்தப் படத்தில் வந்தது. அதனால்தான் இன்று ஒரு கார்ட்டூன் கம்பெனியும், ஒரு பள்ளிக்கூட டீச்சரும், ஆவூர் அப்பாயியும் யாரிடமும் அனுமதி கேட்காமல் பாட முடிகிறது. ஆளுக்கொரு ராகம் போடலாம். ஆளுக்கொரு ஆட்டம் ஆடலாம். வேண்டாததை வெட்டவும் செய்யலாம். எல்லாருக்கும் சொந்தமான பொருளுக்கு இதுதான் கஷ்டம். பொதுக் குளம் மாதிரி. குளிக்க எல்லாரும் வருவார்கள், தூர்வார ஆள் இருக்காது.

வெட்டுவதே தப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. நாலு வயசுக் குழந்தையைப் பதினாறையும் ஒரே மூச்சில் பாடு என்றால் அதுவும் கொடுமைதான். போதாததற்கு, அழுகிற குழந்தையைக் கால் ஊனத்தோடு ஒப்பிடுகிற ஒரு இடம் இருக்கிறது. ஊன்றுகோலோடு பள்ளிக்கு வரும் குழந்தை உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எந்த டீச்சரும் அதை மனசு கூசாமல் சொல்லித்தர மாட்டார். பாரதியாகவே இருந்தாலும் நூறு வருஷத்தில் சில சொற்களுக்கு வயசாகிவிடும். அதை விட்டுவிட்டால் நஷ்டமில்லை.

ஆனால் அதை விடுவது வேறு, அச்சமின்மையையும் சாதியையும் விடுவது வேறு. ஆவூர்க்காரர்களுக்கு இதைப் பாஸ்காவை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். அதே கதைதான். எல்லாருக்கும் தெரிந்த முடிவுதான். நடிக்கிறவர்கள் மாறுவார்கள், லைட் செட்டிங் மாறும், மைக் செட் மாறும். ஆனால் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது என்று சிலுவைக் காட்சியை எடுத்துவிட்டு, கானாவூர்க் கல்யாணத்தோடு திரையைப் போட்டால் ஊர் சும்மா விடுமா?

திண்ணைக்குத் திரும்புவோம். மருமகள் சொன்னதைக் கேட்டு அப்பாயியும் சிரித்துவிட்டு அடுத்த கட்டுக் கீரையைப் பிரித்தார். பேத்தி விடவில்லை.

"பாதகம்னா என்ன அப்பாயி?"

சின்னக் கேள்விதான். பதில் சொல்லத்தான் கொஞ்ச நேரம் ஆனது. அப்பாயி ஒரு காம்பை உருவி முறத்தில் போட்டுவிட்டுச் சொன்னார்: "மத்தவுங்க வீட்டுப் புள்ளைங்க குடிக்கிற தண்ணியில அசிங்கத்தைப் போடுறது. அதான் பாதகம்."

உள்ளேயிருந்து இந்த முறை சத்தம் வரவில்லை.

அப்பாயி அகராதி பார்த்துச் சொல்லவில்லை. இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பர் கடைசியில் அங்கே பட்டியலின மக்களின் மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனதால்தான் தொட்டியின் மேல் ஏறியே பார்த்தார்கள். விசாரிக்கப் போன அதிகாரிகளுக்கு டீக்கடை இரட்டைக் குவளையும், கோயிலுக்குள் விடாத வழக்கமும் தெரியவந்தன. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட அதே சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை என்று செய்தி வந்தபோது, அதை ஏற்க முடியாது என்று பலரும் எதிர்த்தார்கள். வழக்கு எப்படி வேண்டுமானாலும் போகட்டும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களில் பாப்பாக்களும் உண்டு. அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

தீண்டாமை பாவம் என்று தமிழ்நாட்டுப் பாடநூல்களிலேயே அச்சடித்திருக்கிறது. அதே புத்தகத்தைத் தொட்டுப் படித்து வளர்ந்தவர்கள்தான் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். எல்லாரும் ஒரு வயசில் குருவிக்கும் கோழிக்கும் கைவீசி ஆடியவர்கள்தான். பதினைந்தாவது செய்யுள் வரை எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் கேள்வி. ஒரு பாட்டைப் பாடினால் சாதி போய்விடும் என்று பாரதிகூட நம்பியிருக்க மாட்டார். ஆனால் ஒரு குழந்தை முதன்முதலில் சாதியைப் பற்றிக் கேள்விப்படும் இடம் எது என்பது முக்கியம். அது வீட்டில் யாரோ தணிந்த குரலில் சொல்லும் "அவுங்க வேற ஆளுங்க" என்பதாக இருக்கலாம். அல்லது ராகம் போட்டுப் பாடக்கூடிய ஒரு பாட்டாக இருக்கலாம். எது முந்துகிறதோ அது ரொம்ப நாள் தங்கும்.

அன்று சாயங்காலம் பேத்தி திண்ணையில் ஆடிக்கொண்டிருந்தாள். செல்போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. குருவி, கோழி, காக்கா எல்லாம் வரிசையாக வந்தன. ஆடு வந்ததும் அவள் நிற்கவில்லை. அடுத்தது ஞாபகம் வராமல் திரும்பி அப்பாயியைப் பார்த்தாள்.

அப்பாயி அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார்.