அப்பத்தாவின் நாற்பது சதவீதம்

(மூன்றாமாண்டு மாணவி, இயந்திரவியல் துறை)



பெண்களை மையமாக வைத்து வரும் சீரியல், சினிமா, புத்தகம் பற்றியெல்லாம் பெண்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும், பக்கத்து லேத்தில் நிற்கும் நண்பர் சிரித்தார். "சீரியல் பாத்துத்தான் குடும்பமே கெடுது. இதுல கட்டுரை வேறயா?" என்றார். இவர் ராத்திரி முழு மேட்சையும் பார்த்துவிட்டு, காலையில் அதே மேட்சின் ஹைலைட்ஸைப் பார்ப்பவர். அது பொது அறிவு போலிருக்கிறது! போகட்டும்.

எனக்கு ஊர் அவனியாபுரம். தைப்பொங்கல் அன்று காளைகளோடு எங்கள் ஊரை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். மற்ற நாட்களில் எங்கள் தெருவைப் பார்க்க வேண்டுமானால் மதியம் வாருங்கள். மல்லிகை மொட்டு வந்து இறங்கும். கடைக்காரர் எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். விரிவதற்குள் கட்டி முடிக்க வேண்டும். அம்மா, பக்கத்துத் தெருப் பெரியம்மா, எதிர்வீட்டு மதினி, எங்கள் அப்பத்தா எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். கைதானே நாரில் இருக்கிறது, வாய் சும்மாதானே இருக்கிறது? முதல் நாள் ராத்திரி பார்த்த சீரியல் அங்கே மறுபடி அரங்கேறும். செமஸ்டர் லீவில் நானும் கூட உட்காருவேன்.

2022 பிப்ரவரியில் சன் டிவியில் 'எதிர்நீச்சல்' தொடங்கியது. 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வத்தின் தொடர். கதை நடப்பது நம் மதுரையில். படித்த பெண்களாகப் பார்த்து மருமகளாக எடுத்து, வேலைக்கு அனுப்பாமல் அடுப்படியிலேயே நிறுத்தி வைக்கும் ஆதி குணசேகரன் வீடு. அதில் மாரிமுத்து "இந்தாம்மா ஏய்" என்று அதட்டும்போதெல்லாம் எங்கள் திண்ணை கொதிக்கும். பூக்கட்டுகிறவர்கள் அவருக்குக் கொடுத்த சாபங்களை இந்த மலரில் அச்சிட முடியாது! 2023 செப்டம்பர் 8 அன்று அவர் மாரடைப்பில் இறந்த செய்தி வந்தது. பெரியம்மா நாரைக் கீழே போட்டுவிட்டு அழுதார். "எங்கப்பாரு மாதிரியே பேசுவாருடி. திட்டிக்கிட்டே இருந்தேன், இப்ப வீட்டாளு போன மாதிரி இருக்கு" என்றார். வைததும் உண்மை, அழுததும் உண்மை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் அப்பத்தாவுக்கு சீரியலைவிட சினிமாதான் உசத்தி. 1974இல் வந்த பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'யை இன்னும் காட்சி காட்சியாகச் சொல்லும். குடும்பம் முழுவதையும் ஒற்றை ஆளாகச் சுமக்கும் கவிதாவாக சுஜாதா நடித்த படம். "நல்ல படந்தான். ஆனா கடைசியில அவளையே திரும்ப ஆபீசுக்கு அனுப்பிட்டாய்ங்க பாரு. அம்புட்டுப் பேருல ஒருத்தருக்காவது 'செத்த உக்காருத்தா'ன்னு சொல்லத் தோணுச்சா?" என்று கேட்கும். அம்மாவுக்குப் பிடித்தது 1994இல் வந்த 'மகளிர் மட்டும்'. ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூன்று பேர் சேர்ந்து தொல்லை கொடுக்கும் மேலதிகாரியை மடக்கும் கதை. அதிலும் பிணமாக நடித்த நாகேஷைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பது அம்மாவின் குறை.

2024 ஆகஸ்டில் 'கொட்டுக்காளி' வந்தபோது எல்லோரையும் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். இயக்குநர் வினோத்ராஜ் மேலூர்ப் பக்கத்துக்காரர். சூரியும் நம் ஊர்க்காரர்தான். பெர்லின் திரைப்பட விழா வரை போய்வந்த படம் என்று பெருமையாகச் சொல்லித்தான் அழைத்துப் போனேன். அன்னா பென் நடித்த மீனா ஏறக்குறைய படம் முழுக்க வாயே திறக்க மாட்டாள். வேறு ஒருவனை விரும்பியதற்காகப் பேய் பிடித்துவிட்டது என்று சொல்லி, ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோவார்கள். முடிவைச் சொல்லாமலே படம் முடிந்ததும் மதினிக்குக் கோபம்: "டிக்கெட் காசு குடுத்தது பாதிப் படத்துக்கா?"

ஆனால் மறுநாள் திண்ணையில் வேறு பேச்சு. படத்தில் வழியை மறித்து ஒரு காளை நிற்கும். அத்தனை ஆம்பளைகளும் கிட்டேயே போகமாட்டார்கள். ஒரு சின்னப் பிள்ளை வந்து சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு போய்விடும். "அவிங்களுக்கு வாடிவாசல்தான் தெரியும். தண்ணி காட்டுறது யாரு, சாணி அள்ளுறது யாரு? மாட்டுக்குத் தெரியும்ல" என்றார் பெரியம்மா. அவர் வீட்டிலும் காளை உண்டு. பத்திரிகைகளில் அந்தப் படத்துக்கு வந்த விமர்சனங்கள் பலவற்றைப் படித்தேன். பெரியம்மா சொன்னதற்குப் பக்கத்தில் வைக்கும்படி எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

புத்தகம் என்றால் அம்மாவுக்கு ரமணிசந்திரன். நான் ஒரு லீவில் பாமாவின் 'கருக்கு'வைத் திண்ணையில் வாசித்துக் காட்டினேன். 1992இல் நம் மதுரையிலிருந்து வெளியான புத்தகம் அது. "நாம பேசுறாப்லயே எழுதிருக்கு. இதப் புஸ்தகமா போடுவாங்களா?" என்று மதினி கேட்டது. அன்று கேட்டவர்களில் இரண்டு பேர் மறுநாள் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களுக்குப் புரியும்.

1985இல் ஆலிசன் பெக்டெல் என்ற அமெரிக்கப் பெண் ஓவியர் தம் படக்கதை ஒன்றில் ஒரு சோதனை சொன்னார். ஒரு சினிமாவில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும்; அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும்; அந்தப் பேச்சு ஆண்பிள்ளையைப் பற்றியதாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்! நம் மெட்ராலஜி லேபில் இருக்கும் 'கோ – நோ கோ' கேஜ் மாதிரி. எவ்வளவு மைக்ரான் என்று சொல்லாது. போகுமா போகாதா, அதை மட்டும் சொல்லும். பண்டிகைக்கு வரும் நம் பெரிய ஹீரோ படங்கள் பல முதல் படியிலேயே மாட்டிக்கொள்ளும். 'எதிர்நீச்ச'லில் நாள் முழுக்கப் பெண்கள்தான் பேசுகிறார்கள், ஆனால் பேச்சில் பாதி குணசேகரனைப் பற்றித்தான். அதையும் தட்டுத்தடுமாறித்தான் தேற்ற வேண்டும். என் சந்தேகம் வேறு. படம் முடிந்த பிறகு திண்ணையில் நடக்கும் பேச்சை எந்தக் கேஜில் அளப்பது?

ஏன் கேட்கிறேன் என்றால், அந்த சீரியலில் பட்டம்மாள் என்றொரு அப்பத்தா உண்டு. நடித்தவர் பம்பாய் ஞானம். ஆண் வேடத்தையும் பெண்களே போட்டு நடிக்கும் நாடகக் குழுவை நடத்தியவர். அந்த அப்பத்தாவுக்குச் சொத்தில் நாற்பது சதவீதப் பங்கு. அதை வைத்துக் கதை பல மாதம் ஓடியது. எங்கள் திண்ணையிலும் ஓடியது. "கிழவிக்கு எதுக்கு இம்புட்டு?" என்று ஒரு கட்சி. "அவ பங்கு, அவ கேக்குறா" என்று இன்னொரு கட்சி. "பங்கு கேட்டுட்டு, நாளப்பின்ன அண்ணன் தம்பி மொகத்துல எப்புடி முழிக்கிறது?" என்றார் பெரியம்மா ஒருநாள். எந்த வீட்டு அண்ணன் தம்பி என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். விமான நிலையத்துக்குத் தெற்கே தாத்தாவின் பூர்வீகக் காடு இரண்டு ஏக்கர் கிடக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே கருவேலமுள் தவிர ஒன்றும் கிடையாது. இப்போது சுற்றிலும் பிளாட் கல். மாமா இரண்டு பேரும், அம்மாவும் பெரியம்மாவும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சீரெல்லாம் செஞ்சாச்சுல்ல" என்பது அவர்கள் கட்சி. செய்தது உண்மை. என் காதுகுத்துக்குத் தாய்மாமன் செய்முறையில் எந்தக் குறையும் இல்லை. எங்கள் அப்பத்தா மட்டும் குறுக்கே ஒரு வார்த்தை போட்டது: "எங்கிட்டயும் அப்புடித்தான். ஒரு சேலையக் குடுத்து கைநாட்டு வாங்கிட்டாய்ங்க. சேல கிழிஞ்சு அம்பது வருசமாச்சு."

நான் சட்டத்தைத் தேடிப் படித்துத் திண்ணையில் சொன்னேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது கிடையாது. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. பெரியம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது 1987இல்! "ரெண்டு வருசம் பொறுத்திருக்கலாம்" என்று மதினி சொல்ல, பெரியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்தது. கல்யாணமான மகளுக்கும் உண்டு. அப்பா 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "திரும்பச் சொல்லு" என்றார் பெரியம்மா. சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார்.

உங்களிடம் மறைப்பானேன், எனக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நான் டிப்ளமோவோடு வேலைக்குப் போவதா, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்வதா என்பது அந்தக் கருவேலங்காட்டில்தான் கொஞ்சம் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

'எதிர்நீச்சல்' 2024 ஜூனில் முடிந்து, டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடி ஆரம்பித்தது. போன மாதம் பெரிய மாமா வீட்டுக்கு வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். பத்திரப் பேச்சு வந்தது. "போடுறேண்ணே. நானும் அக்காளும் ஒருக்க வக்கீலப் பாத்துட்டு வந்துர்றோம்" என்றாள். குரல் உயரவே இல்லை. மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை யாரும் போட்டிருக்கவில்லை.

வக்கீல் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வில்லங்கச் சான்று எடுத்தாகிவிட்டது. அன்றைக்குப் பூவை மதினி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது.