ஆறு அடி தள்ளி

'ஃபைவ் ஃபீட் அபார்ட்' படத்தில எங்களுக்குப் பிடிபடாமல் நின்றது அந்த ஆறு அடிச் சட்டம்தான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பிறவி வருத்தம், தொற்றாது. பிறகேன் ஒரே வருத்தக்காரர் ரெண்டு பேர் கிட்டப் போகக்கூடாது?

விடை சளிக்குள்ள இருக்கு. தடிச்ச சளியில சூடோமோனாஸ் எண்ட பற்றீரியா வருசக்கணக்காகக் குடியிருக்கும். அது மண்ணிலும் தண்ணியிலும் உள்ளதுதான். ஆளாளுக்குத் தனித்தனியாகத் தொத்துது என்றே வைத்தியர்கள் கனகாலம் நம்பினார்கள். நோயாளிப் பிள்ளைகளுக்குக் கோடைகால முகாம்கள்கூட நடந்தன.

பிறகு மரபணுக் கைரேகை வந்தது. பற்றீரியாவின் டிஎன்ஏயை நொதியத்தால் வெட்டி, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சினால், துண்டுகள் பார்கோட் மாதிரிக் கோடு கோடாகப் பிரியும். 1996இல் வெளிவந்த லிவர்பூல் ஆய்வில், ஒரே சிறுவர் கிளினிக்குக்கு வந்த பல பிள்ளைகளின் கோடுகள் அப்படியே ஒத்துப்போயின. ஒருவரிலிருந்து மற்றவருக்குப் பரவிய ஒரே கிருமி, அதுவும் மருந்துக்கு அடங்காதது.

1993இல் எடின்பரோ, மன்செஸ்டர் நோயாளிகளிடம் கண்டது இன்னும் கொடுமை. அங்கே பர்க்கோல்டேரியா செபாசியா (படத்தில வில்லுக்கு இருக்கிற அதே கிருமி) கிளினிக்குக்கு வெளியே சிநேகிதமாகப் பழகினதிலயே பரவியிருந்தது.

முகாம்கள் மூடப்பட்டன. சரியான முடிவுதான், மறுக்க ஏலாது. ஆனால் இரவிரவாக இருமுகிற ஒருத்திக்கு அந்த இருமல் எப்படியெண்டு சொல்லாமலே விளங்கக்கூடிய ஆள் இன்னொரு நோயாளிதானே. அந்த ஆளைத்தான் தள்ளி வைக்கவேண்டி வந்தது. இப்ப அவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பது பெரும்பாலும் வீடியோ கோலில.